ஹிபாவின் இடது தோளும் இரண்டு டப்பாக்களும்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, திருடினேன். ஆனி மாதத்தில் ஒரு நாள், கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றின் கேன்டீனில் முழங்கால் வலியோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பின் மேசையில் ஒரு பெண் இன்னொருவரிடம் கேட்டார்: “ஏனுங்க்கா, ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கலாமுங்களா?” திரும்பிப் பார்த்தேன். மேசைமேல் இரண்டு மாத்திரை டப்பாக்கள் இருந்தன. அதற்குள் என் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியெல்லாம் என் கைவரிசை.

2

முதலில் “கோட்டைமேட்டில் மழை…” என்று ஆரம்பித்தேன். வேண்டாம், மழையில் ஆரம்பிக்கிற கதைகள் ஏற்கெனவே தெருவுக்கு நாலு கிடக்கின்றன. அடுத்து “நஸ்ரியாவின் மகளுக்கு ஒரு நோய்…” அதையும் அடித்தேன். அப்படி எழுதினால் பிள்ளை படுக்கையில் கிடப்பதுபோல இருக்கிறது. இவளோ ஓரிடத்தில் உட்காராதவள்.

சரி, இப்படி: பதினோரு வயது ஹிபாவின் இடது தோள் அவளைக் கேட்காமல் குதிக்கும். குதித்த கையோடு தொண்டையில் ஒரு ‘க்கும்’. அம்மா நஸ்ரியா, “கொஞ்சம் அடக்கிப் பாரு கண்ணு” என்பார்.

“தும்மல் வரப்போறப்ப மூக்குக்குள்ள ஒண்ணு நிக்குமில்லம்மா? அது எனக்குத் தோளுக்குள்ள நிக்குது” என்பாள் ஹிபா.

பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள். அன்று நஸ்ரியா சமைக்கவில்லை.

3

பிள்ளைகளுக்கு வரும் இந்த ‘டிக்ஸ்’ தொந்தரவுக்கு டாக்டர் பூஜிதா ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

“பாதிப் புள்ளைங்களுக்கு மருந்துங்க. மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கற சும்மா மாத்திரை. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாதுங்கம்மா. கடைசிலதான் பார்ப்போம்.”

நஸ்ரியா கையெழுத்துப் போட்டார். பிள்ளையின் சம்மதமும் வேண்டும் என்றதால் ஹிபாவும் தன் பெயரை எழுதினாள்.

(எந்த டப்பாவில் மருந்து என்று எனக்கும் தெரியாது. எழுதுகிற ஆளுக்கே தெரியாதா என்று சிரிக்காதீர்கள். நான் அதை முடிவு செய்யவே இல்லை. முடிவு செய்திருந்தால் நஸ்ரியாவின் முகத்தைப் பார்த்து எழுதியிருக்க முடியாது.)

கேன்டீனில் பழக்கமானவர் சாய்ப்ரியா. கிணத்துக்கடவுக்காரர். அவர் மகள் அக்ஷிதாவுக்குத் தலை ஒரு பக்கமாக வெட்டி இழுக்கும். “எம்புள்ளைக்கு சும்மா மாத்திரை வந்திருந்தா என்னங்க்கா பண்றது?” என்று அவர் கண் கலங்கினார்.

நஸ்ரியா யாரென்றால், பக்ரீத்துக்குக் குர்பானிக் கறியைத் தராசே இல்லாமல் மூன்று சம பங்காக வைத்துவிடுகிறவர். எது கைக்கு வந்தாலும் பங்கு வைக்காமல் தொடத் தெரியாது. அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். “காலைல எங்க டப்பாங்க, சாயங்காலம் உங்க டப்பா. ரெண்டு புள்ளைங்களுக்கும் கெடைச்சுப்போடுமில்லீங்க?”

டப்பாவுக்கு ஐம்பத்தாறு மாத்திரை, நாளுக்கு இரண்டு. அதில் இருபத்தெட்டு அங்கே போனது, இருபத்தெட்டு இங்கே வந்தது. மாதம் முடிந்து காலி டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. புது டப்பாக்களையும் அப்படியே பங்கு போட்டார்கள். தாங்கள் செய்தது தப்பு என்று இருவருக்குமே தோன்றவில்லை.

4

இரண்டாம் மாதம் ஹிபாவின் தோள் அடங்கத் தொடங்கியது. அவளை இரண்டாவது பெஞ்சுக்குக் கொண்டுவந்தார்கள். கிணத்துக்கடவில் அக்ஷிதா ஒரு கல்யாணத்தில் தலையாட்டாமல் போட்டோவுக்கு நின்றாள்.

(முந்தைய வரைவில் ஒன்றை மறைத்திருந்தேன். ‘மருந்து நம்ம டப்பாலதான் இருந்துச்சோ, பாதியை வீணாக் கொடுத்துப்போட்டமோ’ என்று நஸ்ரியா ஒருநாள் தொழுகைப் பாயில் உட்கார்ந்தே நினைத்தார். நினைத்ததற்கு வெட்கப்பட்டார். அவரை நல்லவராகவே காட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.)

அந்த நாட்களில் பாலக்காட்டுக் காற்று பகலெல்லாம் ஜன்னலைத் தள்ளிக்கொண்டிருந்தது. மத்தியானத் தூக்கத்தில் நஸ்ரியா ஒரு கனவு கண்டார். ஆஸ்பத்திரிக் கூடம் நிறையப் பிள்ளைகள். எல்லாரும் முதுகைக் காட்டி நிற்கிறார்கள். ஒரு தோள்கூட அசையவில்லை, ஒரு தலைகூட இழுக்கவில்லை. அவர் ஆசைப்பட்டது அதுதான். ஆனால் அதில் ஹிபா எவள் என்று தெரியவில்லை. இவ்வளவு நாளும் கூட்டத்தில் மகளை அந்தத் தோளை வைத்தே அடையாளம் கண்டு வந்திருக்கிறார். “கண்ணு” என்று கூப்பிட்டார். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகத் திரும்பத் தொடங்கின.

இந்த இடத்தில் நானும் கொஞ்சம் தூங்கிப்போனேன். முகங்களை நான் பார்க்கவில்லை.

5

மூன்றாம் மாதம் டாக்டர் பூஜிதா சந்தோஷமாக இருந்தார். “அடுத்து ஆறு வயசுக் குழந்தைங்களுக்குங்க. உங்க புள்ளைங்க சாப்பிட்ட அளவை வெச்சுத்தான் அவங்களுக்கு எவ்வளவுன்னு முடிவு பண்ணுவாங்க.”

நஸ்ரியா மனசுக்குள் கணக்குப் போட்டார். ஹிபாவுக்குப் போனது பாதி மருந்துதான் என்றால்? பாதிக்கே அடங்கியதை முழுசுக்கு அடங்கியது என்று எழுதிக்கொண்டால், அந்தப் பொடிசுகளுக்குத் தேவைக்கு மேல் போகும். வெளியே ஒரு சின்னப் பிள்ளை கண்ணைச் சிமிட்டிக்கொண்டே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

டாக்டரிடம் சொல்லிவிடலாமா என்று நஸ்ரியா கேட்டதும், கேன்டீனில் சாய்ப்ரியா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “சொல்லிப்போடாதீங்க்கா. ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிப்போடுவாங்க. மாத்திரை நின்னுபோச்சுன்னா மறுபடியும் எம்புள்ளை வாசப்படி தாண்டமாட்டா.”

நான் எழுதிக் கொடுத்த இரண்டு பதில்களும் நஸ்ரியாவுக்குப் பிடிக்கவில்லை.

6

ஒரு முடிவு: நஸ்ரியா சொல்லிவிடுகிறார். மாத்திரை நிற்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில் ஹிபாவின் தோள் குதிக்கிறது, முப்பது தலைகள் திரும்புகின்… எழுத மனம் வரவில்லை.

இன்னொரு முடிவு: சொல்லவில்லை. ஹிபா முதல் பெஞ்சுக்குப் போகிறாள். உடுமலைப்பேட்டையில் ஒரு ஆறு வயதுப் பிள்ளை மருந்து கூடிப்போய் நாளெல்லாம் தூங்கிக் கிடக்க, ஏன் என்று தெரியாமல் ஒரு அம்மா… இதற்கும் மனம் வரவில்லை.

மூன்றாவதாக, டாக்டர் ஹிபாவிடமே உண்மையைக் கேட்பதாக எழுதி, உடனே கிழித்தேன். பெரியவர்கள் செய்ததைப் பிள்ளை தலையில் கட்டப் பார்த்தேன். என்மேலேயே கோபம் வந்தது.

ஆகவே அறைக்குள் இப்போது மூன்று பேர். டாக்டர் பூஜிதா வழக்கமான படிவத்தைப் புரட்டி, வழக்கமான கேள்வியைக் கேட்கிறார்: “மாத்திரை எல்லாம் நாங்க கொடுத்த டப்பாலிருந்துதானுங்களே?” போன இரண்டு தடவையும் “ஆமாங்க” என்ற நஸ்ரியா இந்தத் தடவை மகளைப் பார்க்கிறார். ஹிபா அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

“டாக்டரம்மா, அந்தப் பேனாவைக் கொஞ்சம் கீழ வெச்சுப்போட்டுக் கேளுங்க.”

டாக்டர் வைத்தார். நானும் வைத்துவிட்டேன்.

ஹிபாவை வெளியே அனுப்புவதா, தொடர விடுவதா என்பதை இனி நீங்கள்தான் எழுத வேண்டும். அதற்கு முன் அவளை ஒரு வார்த்தை கேளுங்கள். பெயர் எழுதிக் கொடுத்த நாளுக்கு அப்புறம் அவளை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை, நான் உட்பட.