பயிற்சித் தீர்ப்பு

சமாதானம் வந்தபிறகு வவுனியாவில் பயிற்சிகள் மலிந்துபோயின. 2004 ஆனியில் எங்களையும் ஒரு விடுதி மண்டபத்தில் மூன்று நாள் அடைத்து வைத்து மின்துறைச் சீர்திருத்தம் படிப்பித்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர் முதல்நாளே 'ஒழுங்குபடுத்தல்' என்ற சொல்லை அறுபது தடவை சொல்லிக் களைத்துப்போனார். கரண்டும் போய்விட்டது. மின்விசிறி எங்களுக்கு முன்பே ஓய்வெடுத்துக்கொண்டது.

நான் மின்சார அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பார்க்கும் இலிகிதன், மஹ்றூப். வாப்பாவுக்குப் புடைவைக் கடை. விலை சொல்கிறவனே அளவுகோலையும் பிடித்தால் வாங்க வந்தவன் கதி என்னவென்று எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். அதைச் சொல்லத்தான் இந்த மூன்று நாளும்.

கடைசி நாள் ஒத்திகை விசாரணை. உண்மையான பாவனையாளர் ஒருவர் வேண்டும் என்றார் பயிற்சியாளர். நெளுக்குளத்து நேசமலரக்காவைக் கூப்பிட்டேன். மிளகாய் அரைக்கும் மில்லுக்கு இணைப்புக் கேட்டு இரண்டு வருடமாக எங்கள் வாசலுக்கு நடக்கிறவர். கடன்பட்டு வாங்கிய மெஷின் சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. விசாரணை என்று மட்டும் சொன்னேன். ஒத்திகை என்றால் வந்திருக்க மாட்டார்.

நானும் இன்னும் இரண்டு பேரும் தீர்ப்புச் சொல்லும் ஆணைக்குழு. எங்கள் பொறியியலாளர் ராஜரத்தினம் சேர் மின்வழங்குநர். அவருக்கு நடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"லைன் இழுக்க நடுறதுக்குப் போஸ்ற் இல்லை, அதுதான் சுணக்கம்," என்றார் சேர்.

"வந்த போஸ்ற் எல்லாம் எங்க போனது சேர்? என்ர ஒழுங்கைக்கு மட்டும் வழி தெரியேல்லையோ?" என்றார் நேசமலரக்கா.

பயிற்சியாளர் கைதட்டினார். பதினான்கு நாளில் இணைப்பு என்று தீர்ப்பெழுதினோம். சேர் கையொப்பமிட்டார். இருபத்தேழு வருடச் சேவை; அந்தக் கை தன்பாட்டில் சட்டைப்பைக்குள் போய் அலுவலக முத்திரையை எடுத்துக் குத்தியும்விட்டது. மை காயுமுன்னே நேசமலரக்கா கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

தேநீர் நேரம் மெல்லப் போனேன். "அக்கா, இது சும்மா பயிற்சி. அதைத் தாங்கோ."

"முத்திரையும் பயிற்சி முத்திரையோ தம்பி?"

"அதில்லை அக்கா..."

"ரெண்டு வருஷமா உண்மையாக் கேட்டனான், ஒண்டும் கிடைக்கேல்லை. நடிச்சுக் கிடைச்சதை ஏன் விடுவன்?"

சேரிடம் திரும்பிப் போனேன். "தரமாட்டாவாம் சேர்."

அவர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். முத்திரை தவறிக் குத்துப்பட்டது என்றால் மேலிடத்துக்கு மூன்று கடிதம், விளக்கம், பிறகு விசாரணை. அது ஒத்திகையாக இராது. போஸ்ற் நட்டால் ஒரு கையொப்பம்.

"ஸ்ரோர்ஸில ஒண்டு கிடக்கெல்லே?"

"அது ஐயாத்துரை ஐயாவின்ர பேரில வந்தது சேர். அவரும் மூண்டு வருஷமாக் கரண்டுக்குப் பாத்துக்கொண்டிருக்கிறார்."

"அவரிட்டக் கடதாசி இல்லைத்தானே," என்றார் சேர், கண்ணைத் திறக்காமலே.

பதின்மூன்றாம் நாள் நேசமலரக்காவின் மில் ஓடியது. அடுத்த நாள் காலை ஐயாத்துரை வந்தார்.

"தம்பி, என்ர போஸ்ற் வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை ஐயா."

என் தலைக்கு மேல் புதிதாகக் கொழுவியிருந்த சான்றிதழை அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். "இது என்ன?"

"பாவனையாளர் உரிமை பற்றிப் படிச்சனான்."

"நல்லது தம்பி, நல்லது," என்று சொல்லிவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப்போட்டுக் காத்திருக்கத் தொடங்கினார்.