ஈரம் காய்வதற்குள்

ஷ்யாமளாவால் ஒரு இடத்தில் நிற்க முடியாது. இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்தத் திலக் நகர் வீட்டில் அவள் கை படாத சாமான் கிடையாது. சமையலறை டப்பாக்களை இடம் மாற்றினாள். திரைச்சீலைகளைப் பிரித்துத் தைத்தாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைக் கழற்றிப் பார்த்து ஓடாமல் பண்ணினாள். இப்போது பெண்ணின் அறையில் இருக்கும் மர அலமாரிக்கு வந்திருக்கிறாள்.

காரணம் இருந்தது. முந்தின நாள் மானசா ஃபோன் பண்ணி, "அம்மா, சனிக்கிழமை வரேன். கோபர்கைரனே வீட்டுக்குத் திரும்பிப் போகப்போறதில்லை. அனந்தோட இனிமே ஒத்துவராது. இப்ப ஒண்ணும் கேக்காதே, வந்து சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். கேட்காதே என்றால் கேட்காமல் இருந்துவிடலாம். ஆனால் சும்மா இரு என்று அவள் சொல்லவில்லையே.

புருஷன் பஞ்சுவிடம் ஷ்யாமளா மூச்சு விடவில்லை. போன வருஷம்தான் அவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. "மானசா நாலு நாள் இருந்துட்டுப் போக வரா" என்று மட்டும் சொன்னாள். அவர் "வரட்டும்" என்று பேப்பரைப் புரட்டினார். காலையில் காபிப்பொடி வாங்க மாட்டுங்காவுக்கு அவர் கிளம்பிப் போனதும் பெயிண்ட் டப்பாக்களைத் திறந்தாள்.

யூட்யூபில் பார்த்தபோது எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. பழைய பாலிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். கீழே கருநீலம், மேலே வெள்ளை, நடுவில் இரண்டையும் கலந்த நிறம். மூன்றும் ஈரமாக இருக்கும்போதே, நனைத்துப் பிழிந்த பிரஷ்ஷைக் கதவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு லேசாக இழுத்தால், எது எங்கே முடிகிறது என்றே தெரியாமல் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும். அப்புறம் கையை எடுத்துவிட வேண்டும். வீடியோவில் பேசின பெண் இந்தக் கடைசி விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் சொன்னபோதெல்லாம் ஷ்யாமளா அடுப்பைப் பார்க்க எழுந்து போயிருந்தாள்.

இடது கதவு முதல் இழுப்பிலேயே அழகாக வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு தெரிகிறதே என்று அதை அழுத்தித் தேய்த்தாள். நீலம் மேலே ஏறியது. வெள்ளையைப் போட்டு அதை இறக்கப் பார்த்தாள். அது திட்டுத் திட்டாக நின்றது. மே மாச வெக்கை வேறு. ஃபேன் காற்றில் பெயிண்ட் காய்ந்துபோய் பிரஷ்ஷோடு இழுபட்டது. ஃபேனை நிறுத்தினாள், துணி இஸ்திரிக்குத் தெளிக்கிற பாட்டிலை எடுத்துத் தண்ணீர் அடித்தாள், மறுபடி தேய்த்தாள். கடைசியில் கதவு முழுக்கப் பாத்திரம் கழுவின தண்ணீர் நிறத்துக்கு வந்து சேர்ந்தது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெண்ணின் வாழ்க்கை இப்படி ஆகிவிட்டதே, நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கையைத் துடைத்துக்கொண்டு, சான்பாடாவில் இருக்கும் சம்பந்தி விசாலாக்ஷிக்கு, அனந்தின் அம்மாவுக்கு, ஃபோன் போட்டாள்.

"மாமி, சின்னஞ்சிறிசுகள், ஏதோ மனஸ்தாபம். நாமதான் சரிபண்ணி விடணும். ஞாயித்துக்கிழமை அனந்தையும் கூட்டிண்டு சாப்பிட வாங்கோ. மானசாகிட்ட நான் சொல்லலை. நேர்ல பாத்தா எல்லாம் சரியாப் போயிடும்."

"கட்டாயம் வரோம்" என்றாள் விசாலாக்ஷி, சந்தோஷமாக.

ஷ்யாமளாவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அந்தத் தெம்பில் வலது கதவை ஆரம்பித்தாள். நடு நிறத்தைத் தடவிக்கொண்டிருக்கும்போது பஞ்சு வந்துவிட்டார். காபிப்பொடிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே அறை வாசலில் நின்று பார்த்தார்.

"நாலு நாள் இருக்க வரவளுக்கு யாராவது அலமாரிக்குப் பெயிண்ட் அடிப்பாளா?"

"பழசா இருந்தது. அதான்."

"போறும், ஷ்யாமளா. நேக்குத் தெரியும்." கட்டிலில் உட்கார்ந்தார். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே சொல்லிட்டா. வக்கீலைப் பாக்கறச்சே நானும் கூடப் போனேன்."

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை என்பதில் முதலில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகுதான் சமையலறையில் உடைக்காமல் அடுக்கியிருந்த காபிப்பொடிப் பொட்டலங்கள் ஞாபகத்துக்கு வந்தன. காபிப்பொடி என்று சொல்லி இத்தனை தடவை மாட்டுங்கா போனது மானசாவைப் பார்க்கத்தானா?

"உங்ககிட்ட சொல்லியிருக்கா. என்கிட்ட ஏன் சொல்லலை? நான் பெத்தவ இல்லையா?"

பஞ்சு பொட்டலத்தின் நூலை நிமிண்டினார்.

"சொன்னா நீ அன்னிக்கே சான்பாடாவுக்கு ஃபோன் பண்ணிடுவியாம். 'அம்மா சரிபண்ண ஆரம்பிச்சா நான் திரும்பிப் போக வேண்டியதாயிடும்பா. தீபாவளிக்கு வந்தப்பவும் அப்படித்தானே போனேன்'னு அழுதா."

தீபாவளிக்கு மானசா முகம் வாடி வந்திருந்ததும், ஷ்யாமளா எல்லாரிடமும் இதமாகப் பேசி, முறுக்கு டப்பாவையும் கட்டிக் கொடுத்து டாக்ஸி ஏற்றி அனுப்பியதும் உண்மை. சாமர்த்தியமாக முடித்துவிட்டோம் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள். டாக்ஸியில் ஏறும்போது பெண் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதை இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

வலது கதவில் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. ஃபோனை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றார் பஞ்சு.

"மாமி, ஷ்யாமளாதான் பேசறேன். ஞாயித்துக்கிழமை நீங்க வர வேண்டாம்."

பஞ்சு நிமிர்ந்து பார்த்தார். மறுமுனையில் விசாலாக்ஷி விடாமல் கேட்டுக்கொண்டே போனாள். யாருக்காவது உடம்பு சரியில்லையா, அப்படியானால் அடுத்த வாரம் வரட்டுமா என்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேச்சு இதமாக முடிந்துவிடும். ஷ்யாமளாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது அந்த ஆமாம்.

"இல்லை மாமி, எல்லாரும் சௌக்கியம். மானசா இனிமே இங்கதான் இருக்கப்போறா. நான் அவளைத் திருப்பி அனுப்பறதா இல்லை."