பரீட்சை முடியட்டும்

“அவசரமா?” என்று கேட்டார் நர்சிங் பள்ளியின் ஆபீஸ் கிளார்க்.

மருமகள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஈரப்பஞ்சால் மாமியாரின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கிளார்க் நல்ல மனிதர். அங்கே டீச்சராக இருக்கும் நாத்தனார் பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்கிறார், போனை ஆபீசிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார், மணி அடிக்கும்வரை வெளியே வரக் கூடாது என்பது விதி என்றெல்லாம் விளக்கினார். ஆனாலும் பெரிய மேடத்துக்கு ஏதாவது என்றால் சொல்லுங்கள், வேறு யாரையாவது ஹாலில் நிற்க வைத்துவிட்டு நானே போய் அழைத்து வருகிறேன் என்றார்.

அவ்வளவு சுலபமாக இருந்தது அது.

“அவசரம் ஒண்ணும் இல்ல,” என்றாள் மருமகள். “பரீட்சை முடியட்டும்.”

போனை வைத்துவிட்டு மாமியாரின் பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் விரல்களில் மட்டும் இருந்த குளிர்ச்சி இப்போது கணுக்காலைத் தாண்டியிருந்தது. முழங்காலில் ஊதா நிறத்தில் திட்டுத்திட்டாகப் படர ஆரம்பித்திருந்தது. மூச்சு நான்கைந்து முறை வேகமாக ஓடி, பிறகு எதையோ யோசிப்பதுபோல நின்று, மீண்டும் தொடங்கியது. இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்ததே படுக்கையில் கிடப்பவர்தான்.

அந்த வீட்டில் எல்லோருக்கும் அவர் மேடம். பால்காரருக்கு, எதிர்வீட்டுக்காரருக்கு, சமயத்தில் பெற்ற மகனுக்கும்கூட. முப்பது வருடத்துக்கு மேல் நர்சிங் பள்ளியை நடத்தியவர். மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் கடிகாரம். கடிகாரத்துக்குக்கூட பேட்டரி தீரும், இவங்களுக்குத் தீராது என்று ஹாஸ்டலில் சொல்லிச் சிரிப்பார்கள். வகுப்புக்கு மணி அடித்த பிறகு வந்தால் அன்று முழுக்க ஆப்சென்ட். நகம் வளர்ந்திருந்தால் அங்கேயே நின்று வெட்ட வேண்டும். ஒரு முடி காதோரம் தொங்கினால் வார்டுக்குள் நுழைய முடியாது. இதயம் வீங்கி, இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவைத்த பிறகும், மாத்திரை கொஞ்சம் தாமதமானால் அவர் கண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மருமகளைப் பார்க்கும்.

மருமகள் அவரை ஒருநாளும் அத்தை என்று கூப்பிட்டதில்லை.

அவளும் அந்தப் பள்ளியில் படித்தவள்தான். மூன்றாம் வருடம், வார்டில் செய்முறைப் பரீட்சை. படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு நோயாளியைப் படுக்கையிலேயே குளிப்பாட்ட வேண்டும். அன்று காலையில் அவளுடைய அண்ணன் பள்ளி ஆபீசுக்குப் போன் செய்திருந்தான், அப்பா பிழைக்க மாட்டார், உடனே அனுப்பிவையுங்கள் என்று. மேடம் அந்தச் செய்தியை வாங்கி வைத்துக்கொண்டார். பரீட்சை நடக்கும்போது மாணவிக்கு எந்தத் தகவலும் போகக் கூடாது. அவள் முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் முதுகுக்குச் சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, பவுடர் போட்டுவிட்டாள். வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் பாராட்டினார். மணி அடித்ததும் மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். எந்த மாணவியையும் அவர் உட்காரச் சொன்னதில்லை.

பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பா கடைசிவரைக்கும் உன்னையேதான் கேட்டார் என்று அண்ணன் சொன்னான். அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான். அது முள்ளாக உள்ளே இறங்கிவிட்டது.

அம்மாவைத் தேற்ற ஆளில்லாமல் அங்கேயே கொஞ்ச நாள் இருந்துவிட்டாள். திரும்பி வந்தால் வருகை குறைவு, இறுதிப் பரீட்சைக்கு உட்கார முடியாது என்றார்கள். மேடத்தின் மேஜை முன்னால் போய் நின்றாள். மேடம் குரலை உயர்த்தவில்லை. உனக்காக இன்று விதியை வளைத்தால் நாளைக்கு நீ நோயாளியிடம் வளைப்பாய் என்றார். அவள் அறையை விட்டு வந்தாள், ஹாஸ்டலை விட்டு வந்தாள், படிப்பையும் விட்டாள்.

பிறகு ஒரு மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கும் ஒருவன் தன் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க மாதா மாதம் வந்தான். சீட்டில் மேடத்தின் பெயரைப் பார்த்ததும் அவளுக்குக் கை நின்றுவிட்டது. அதன் பிறகுதான் அவனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். அவன் நல்லவனாக இருந்துவிட்டது அவள் எதிர்பார்க்காதது. காதல் கல்யாணம் என்று ஊர் சொன்னது. அவளும் மறுத்ததில்லை. பெண் பார்க்கவென்று வந்து உட்கார்ந்த மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ்,” என்றார். இவளும் காபி டம்ளரை அவர் கைக்கு எட்டுகிற தூரத்துக்குக் கொஞ்சம் வெளியே வைத்தாள்.

இதையெல்லாம்கூட அவள் விழுங்கியிருப்பாள். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து நாத்தனார் ஒருமுறை வெள்ளந்தியாக ஒன்று சொன்னாள். அம்மா வருடா வருடம் புது மாணவிகளுக்கு முதல் வகுப்பில் ஒரு கதை சொல்வார்களாம்: அப்பா செத்த அன்றுகூட ஒரு மாணவி பிசகு இல்லாமல் நோயாளியைக் குளிப்பாட்டினாள், கடமை என்றால் அது. அந்தப் பெண்ணுக்கு விஷயமே தெரியாது என்பது மட்டும் அந்தக் கதையில் இல்லை. அன்றிலிருந்து மருமகள் காத்திருந்தாள். எதற்கென்று தெரியாமலே காத்திருந்தாள். இன்று காலையில் மேடத்தின் கால் விரல்களில் அந்தக் குளிர்ச்சியைத் தொட்டபோது தெரிந்தது.

கணவன் வெளியூரில் ஒரு எக்ஸ்ரே மெஷினைப் பிரித்துப் போட்டிருந்தான். அவனுக்கு உடனே சொல்லிவிட்டாள். கிளம்பிவிட்டேன் என்றவன், தங்கச்சிக்குச் சொல்லிட்டியா என்று கேட்டான். அவளுக்குப் பரீட்சை டியூட்டி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாள். அவன் நம்பினான். எப்போதும் நம்புகிறவன்தான்.

“போன்ல யாரு?” மேடத்தின் குரல் நூலிழைபோல வந்தது.

“ஸ்கூல். உங்க பொண்ணு எக்ஸாம் ஹால்ல இருக்காங்களாம்.” மருமகள் கட்டிலுக்கு அருகில் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். “நடுவுல கூப்பிடக் கூடாதில்லயா மேடம்.”

எத்தனையோ வருடமாக நாக்கின் கீழ் வைத்திருந்தது. மேடத்தின் முகத்தில் அது எங்கே போய் இறங்குகிறது என்று பார்த்தாள்.

“ஆமா, கூப்பிடாதே,” என்றார் மேடம். “பிள்ளைங்க கவனம் கலைஞ்சிடும்.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார், வேலை சரியாக நடப்பதைக் கண்ட திருப்தியோடு. மருமகளுக்குக் காதெல்லாம் சூடேறியது. ஓங்கிய கையை யாரோ பிடித்துக் குலுக்கியதுபோல இருந்தது.

“எங்கப்பா போன அன்னைக்கும் பரீட்சைதான் நடந்துச்சு,” என்றாள்.

மேடம் கண்ணைத் திறக்காமல் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். “ஞாபகம் இருக்கு. நீதான் ஃபர்ஸ்ட். அப்ப சொல்லியிருந்தா ஃபெயிலாயிருப்பே.”

மருமகள் எழுந்து ஜன்னலருகே போனாள். தெருவில் ஒருவர் ஸ்கூட்டரைச் சாய்த்துப் போட்டு உதைத்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷி தனக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டே போய்ச் சேரப்போகிறாள். ஒரு கீறலும் இல்லாமல் போகப்போகிறாள். அதை நினைக்க நினைக்க அவளுக்குக் கம்பியைப் பிடித்திருந்த கை வலித்தது.

மதியத்துக்கு மேல் மேடத்தின் மூச்சு நிற்கும் இடைவெளி நீண்டது. மருமகள் வேலையில் குறை வைக்கவில்லை. தலையணையை உயர்த்தினாள், ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், முதுகுக்கு அணை கொடுத்தாள், வாயோரத்தில் வழிந்ததைத் துடைத்தாள். யாராவது வந்து சோதித்திருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்கள்.

தெருவில் ஏதோ ஒரு ஆட்டோ நின்று கிளம்பியது. மேடத்தின் கண் கதவுப் பக்கம் போனது. கதவுக்கு வெளியே ஒன்றுமில்லை. திரும்பி வந்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும் போனது.

“மணி என்ன?”

மருமகள் சொன்னாள்.

“பெல் அடிச்சிட்டாங்களா?”

“இன்னும் இல்ல.”

மேடம் தலையசைத்தார். விதி அவருக்குத் தெரியும், ஆனால் கண் கேட்கவில்லை. காற்றில் திரை அசைந்தாலும் கதவைப் பார்த்தது. போர்வைமேல் கிடந்த கை மெல்ல நகர்ந்து, வந்து, மருமகளின் மணிக்கட்டைத் தொட்டது. எத்தனையோ பேரின் நாடியைப் பிடித்துப் பார்த்த விரல்கள். இப்போது அவை எதையும் எண்ணவில்லை, பிடித்துக்கொண்டிருந்தன.

“ஒரு போன் பண்ணேன்,” என்றார்.

அந்தக் குரலை அவள் இதுவரை கேட்டதில்லை. அதில் உத்தரவு இல்லை. ஹாஸ்டலில் முதல் நாள் ராத்திரி புதிய மாணவிகள் வார்டனிடம் பேசுவார்களே, அப்படி இருந்தது.

மருமகள் போனை எடுத்தாள். பள்ளி எண் மேலேயே இருந்தது. கட்டைவிரலால் தொட்டால் போதும். பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவைத் தாண்டினால் வந்துவிடும், நாத்தனார் ஓடியே வந்துவிடுவாள். நாத்தனார் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்தவள் இல்லை. பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவள். மருமகள் போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திரை வெளிச்சம் குறைந்து, தானாக அணைந்தது.

“பரீட்சை முடியட்டும் மேடம்,” என்றாள்.

மேடம் அவளையே பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்ட பார்வை அது. அதில் கோபம் இல்லை, மன்னிப்புக் கேட்பதும் இல்லை. விரல்கள் மட்டும் மணிக்கட்டை விடவில்லை. பிறகு கண் கதவுக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது.

மூச்சு வருமா என்று மருமகள் காத்திருந்தாள். வரவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இமைகளை மூடிப் பிடித்தாள். தாடைக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள். சமையலறைக்குப் போய் நின்றபடியே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். மனசு லேசாகும் என்று நினைத்திருந்தாள். பசித்தது. அவ்வளவுதான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு கிளார்க்குக்குப் போன் போட்டாள்.

நாத்தனார் வெள்ளைக் கோட்டோடு வந்தாள். செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்துவிட்டாள். கட்டிலருகே போய், பழக்க தோஷத்தில் அம்மாவின் கழுத்தோரம் விரல் வைத்துப் பார்த்தாள். வைத்த விரலை எடுக்காமலே கேட்டாள்.

“எனக்கு ஏன் சொல்லல அண்ணி?”

“போன் பண்ணேன். எக்ஸாம்னாங்க.”

“அவசரம் இல்லன்னு சொன்னீங்களாம். கிளார்க் சொன்னாரு.”

“ஆமா.”

நாத்தனார் திரும்பினாள். அந்தக் கதையை அவளும் முதல் வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவள்தான். அதன் மிச்சப் பாதியை இந்த வீட்டில் தெரிந்துகொண்டவள். எதிர்வீட்டில் பிரஷர் குக்கர் விசில் அடித்தது. இரண்டாவது விசிலும் அடித்து ஓய்ந்தது.

“அம்மா என்னைக் கேட்டாங்களா?”

இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொல்லலாம். யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். மருமகள் ஒரு கணம் அந்தச் சொற்களை வாயில் வைத்துப் பார்த்தாள்.

“கேட்டாங்க,” என்றாள். “கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க.”

மகன் வருவதற்குள் உடம்பைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. வாளியில் வெந்நீர் வந்தது. ஒருத்தி தோளைப் பிடிக்க, இன்னொருத்தி இடுப்பைப் பிடிக்க, சொல்லிக்கொள்ளாமலே ஒரே நேரத்தில் புரட்டினார்கள். துடைத்தார்கள், உடை மாற்றினார்கள், தலைமுடியைப் பிரித்து வாரினார்கள். மருமகள் புது வெள்ளை விரிப்பை உதறி விரித்து, கால்மாட்டில் மூலையை மடித்து மெத்தைக்கடியில் செருகினாள். கச்சிதமான மடிப்பு.

நாத்தனார் கட்டிலைச் சுற்றி வந்தாள். அந்த மூலையை வெளியே இழுத்து, உள்ளங்கையால் சுருக்கம் நீக்கி, அதே மாதிரி மறுபடி மடித்துச் செருகினாள்.