பார்க்க வருவோர் பட்டியல்

ஐந்து நாள் தொண்டையில் கிடந்த குழாயைக் குழந்தைசாமிக்கு நேற்றுத்தான் எடுத்திருந்தார்கள். தில்லிக் குளிரில் நுரையீரல் முழுக்கச் சளி கட்டி, மூச்சு முட்டிச் சேர்க்கப்பட்டவர். இப்போது மூக்கையும் வாயையும் மூடிய முகமூடி வழியாக ஓர் இயந்திரம் அவருக்குள் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. மருத்துவர் காலையிலேயே சாந்தகுமாரியிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: மூச்சுவிடும் தசைகள் களைத்துப்போயிருக்கின்றன, உங்கள் கணவர் இன்று சற்றேனும் உறங்கினால் தேறுவார், உறங்காமல் மேலும் களைத்தால் மாலைக்குள் குழாயை மறுபடி இறக்க வேண்டியிருக்கும், இரண்டாம் முறை இறங்கும் குழாய் எளிதில் வெளியே வராது.

உறக்கம்! உயிருள்ள எதற்கும் இயற்கை கேளாமலே கொடுக்கும் உறக்கம், உயிர்காக்கவென்றே கட்டிய அந்தக் கூடத்துக்குள் மட்டும் நுழையவில்லை. சன்னல் இல்லை, அணையும் விளக்கு இல்லை. விடியுமுன் உடம்பைத் துடைப்பார்கள். ஈரம் உலருமுன் ரத்தம் எடுப்பார்கள். மணிக்கொரு தரம் கைப்பட்டை இறுகி அழுத்தம் அளக்கும். அடுத்த கட்டிலின் இயந்திரம் வீறிடும். யாரைக் குற்றம் சொல்வது? துடைப்பது தூய்மைக்காக. குத்துவது நோயறிய. வீறிடுவது ஆபத்தை அறிவிக்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அத்தனை நியாயங்களும் கைகோத்துக்கொண்டு ஒரு மனிதனைக் கண்மூடவிடாமல் அடித்தன. அவர் அறிவு தடம் புரண்டது. தாம் ரயிலில் போய்க்கொண்டிருப்பதாக நேற்றிலிருந்து நம்பிக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்கியது. ஒரே அனுமதிச் சீட்டு. ஒருவர் வெளியே வந்தால்தான் அடுத்தவர் உள்ளே போகலாம். சாந்தகுமாரி முதல் ஆளாக நுழைந்தாள்.

"அம்மிணி, இது எந்த ஸ்டேஷன்?" முகமூடிக்குள்ளிருந்து குரல் முனகியது.

இது ஆஸ்பத்திரி என்று நேற்றெல்லாம் சொல்லிச் சொல்லி அவள் தோற்றிருந்தாள். இன்று வாதாடத் தெம்பில்லை.

"இன்னும் நாக்பூரே வரலீங்க."

"மூணு பெட்டியும் இருக்குதா? நான் கண்ணசந்தா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முப்பது வருடமாக விடுமுறைக்கு ஊர் போகும்போதெல்லாம், பெண்டு பிள்ளைகளைத் தூங்கவிட்டு, நாமக்கல் போய்ச் சேரும்வரை பெட்டிகளுக்குக் காவல் இருந்த மனிதர். இப்போதும் காவலில்தான் இருக்கிறார்!

"நான் முழிச்சிருக்கறனுங்க. பெட்டி மேல காலப் போட்டுட்டுத்தான் உக்காந்திருக்கறேன். நீங்க செத்த நேரம் படுங்க."

"தூங்கிற மாட்டயே?"

"உங்களாட்டம் கொறட்ட உட்டுத் தூங்கறவளா நானு?"

முகமூடிக்கடியில் உதடு அசைந்தது, சிரிப்பாகவும் இருக்கலாம். கண்கள் மூடின. கால் மணி நேரத்தில் மூச்சு நிதானப்பட்டது. திரையில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் தொண்ணூற்றாறு என்ற எண் ஆடாமல் நின்றது. செவிலிப் பெண் ஷ்வேதா ஓசைப்படாமல் வந்து பார்த்தாள். கட்டிலுக்கு மேலிருந்த விளக்கைக் குறைத்தாள். இரண்டு மணி நேரம் யாரையும் தொடவிடமாட்டேன் என்று இந்தியில் காதோடு சொல்லிப் போனாள்.

மருத்துவமனை விட்டுக்கொடுத்துவிட்டது. விட்டுக்கொடுக்காதவர்கள் வெளியே நின்றார்கள்.

"மாதாஜி, ஜல்தி பாஹர் ஆயியே," என்று காவலாளி கதவைத் திறந்து அவசரப்படுத்த, அவள் வெளியே வந்தாள்.

வெளியே நின்றவர்களை அங்கே வரவழைத்தது அவளேதான். ஊர்விட்டு வந்த தமிழன் தில்லியில் படுத்துவிட்டால் ஒருநாள்கூடப் பார்க்க ஆளின்றிக் கிடக்கக் கூடாது என்பது சரோஜினி நகர்த் தமிழ்க் குடும்பங்களின் எழுதாச் சட்டம். யார், என்று, எந்த முறையில் போவது என்று பதினெட்டு ஆண்டுகளாகப் பட்டியல் போட்டவள் சாந்தகுமாரி. கணவரைச் சேர்த்த அன்றும் பழக்கம் தவறாமல் வாட்ஸ்அப் குழுவில் பட்டியலைப் போட்டிருந்தாள்.

"அக்கா, இன்னிக்குப் பதினோரு பேர். ஆளுக்கு மூணு நிமிஷம், பக்கா," என்றான் கதிரவன், கைப்பேசியை நீட்டி. அவள் பட்டியலை நடத்திக்கொடுப்பவன் அவன்.

"தம்பி, இப்பத்தான் கண்ணு மூடியிருக்காரு. இன்னிக்கு யாரும் வேண்டாம்."

"அச்சா அக்கா, சும்மா எட்டிப் பாத்துட்டு வந்துடறோம். யாரையும் திருப்பி அனுப்பக் கூடாதுங்கறது நீங்க போட்ட ரூல்தானே?"

பக்கத்து வீட்டு வள்ளி சிரித்தபடியே சொல்லால் ஊசி ஏற்றினாள்: "எங்கம்மா படுத்திருந்தப்ப நானும் இதையேதான் சொன்னேன். நீங்க கேட்டீங்களாக்கா? தட்டி எழுப்பி ஹார்லிக்ஸ் குடுத்துட்டுல்ல போனீங்க!"

சாந்தகுமாரி கை கூப்பினாள். கூப்பிய கையைப் பார்த்து மனம் இளகி, ஒவ்வொருவராக நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து லிஃப்ட் திறந்தது. விமான நிலையத்திலிருந்து நேரே, கையில் பையோடு, குழந்தைசாமியின் அண்ணன் மாணிக்கவாசகம் வந்தார்.

"எந்தம்பியப் பாக்க எனக்குச் சீட்டு வேணுமாக்கும்?"

"காலைல பாக்கலாமுங்க மாமா. தூங்கறாருங்க."

"எழுவது வயசாச்சு அம்மிணி. காலைல நான் இருப்பனோ, அவன் இருப்பானோ."

இப்படி ஒரு சொல்லைச் சொன்ன பெரியவரை வாசலில் நிறுத்தும் மருமகள் அந்தக் குடும்பத்தில் இன்னும் பிறக்கவில்லை. சீட்டைக் கொடுத்தாள்.

"தொடாதீங்க மாமா. கூப்புடாதீங்க. தள்ளி நின்னு பாருங்க."

"எனக்குத் தெரியாதா?"

கதவிலிருந்த கண்ணாடி வழியே பார்த்தாள். அவர் தள்ளித்தான் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. போகட்டும், அழுதுவிட்டு வரட்டும் என்று அவள் மூச்சுவிட்டபோது, அவர் குனிந்தார். குரல் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. நோயாளியின் தலைமாட்டில் நம்மவர் எல்லாரும் கேட்கும் கேள்வி. அவளே நூறு கட்டிலில் கேட்ட கேள்வி: 'சாமி, யாரு வந்திருக்கறதுன்னு தெரியுதா?'

கண்ணாடியை அறைந்தாள். உள்ளே யாரும் திரும்பவில்லை.

குழந்தைசாமி விழித்தார். முகத்துக்கு மேலே குனிந்திருந்த உருவத்தை உற்றுப் பார்த்தார். காவல் இருப்பதாகச் சொன்னவளைக் காணவில்லை. கை பாய்ந்து முகமூடியைப் பிய்த்தது, கால் உதைத்தது. தொண்ணூற்றாறு எண்பதானது, எழுபதானது. இயந்திரம் வீறிட்டது. ஷ்வேதா ஓடிவந்தாள்; கட்டிலைச் சுற்றித் திரைச்சீலை இழுக்கப்பட்டது.

முக்கால் மணி கழித்து மருத்துவர் வெளியே வந்தார். குழாய் இறங்கிவிட்டது என்றார்.

"இனி தூங்குவாருங்களா டாக்டர்?" என்று இந்தியில் கேட்டாள்.

"மருந்து கொடுத்திருக்கிறோம். அசையமாட்டார். ஆனால் அது தூக்கமில்லை அம்மா, மயக்கம்."

மாணிக்கவாசகம் பையை மடியில் வைத்துக்கொண்டு விம்மினார். "என்னைத் தெரியுதான்னு மட்டுந்தான் கேட்டனம்மிணி. வேற ஒண்ணுமே கேக்கலை."

அந்த முகத்தைப் பார்த்து எதைச் சொல்வது? கொடுமைக்காரனோடு போராடலாம், அன்போடு வந்து நிற்பவரோடு எந்த ஆயுதம் ஏந்திப் போராடுவது? அவள் கைப்பேசியை எடுத்தாள். 'நாளை முதல் யாரும் வர வேண்டாம். அவர் உறங்க வேண்டும். தயவுசெய்து' என்று குழுவில் எழுதி அனுப்பினாள்.

நொடியில் கூப்பிய கரங்கள் வரிசையாக வந்தன. அவற்றுக்குக் கீழே கதிரவன் எழுதியிருந்தான்: 'அக்கா, எங்களுக்குச் சிரமம்னுதானே இப்படிச் சொல்றீங்க? இந்த நேரத்துல உங்களைத் தனியா விட்டுடுவோமா? நாளைக்குப் புசா ரோடு தமிழ் ஆட்களும் வர்றாங்க.'

அவள் மறுபடி எழுதத் தொடங்கினாள். எழுதி முடிப்பதற்குள் நாளைய பட்டியலில் ஏழு பெயர்கள் ஏறியிருந்தன.