அடைக்கோழி

காலை ஐந்தே முக்காலுக்கு, மாவு ஒட்டிய கையோடு அவள் கோழிக்கூட்டைத் திறந்தாள். கடையில் எதையும் வாங்குவதில்லை என்று கணவன் முடிவெடுத்து எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து ரொட்டி, வெண்ணெய், சோப்பு வரை எல்லாம் அவள் கைவேலைதான். இடுப்பு விட்டுப்போயிருந்தது.

முட்டை எடுக்கப் போன விரலைச் சிவப்புக் கோழி கொத்தியது.

"அதை எழுப்பாதே," என்றான் பின்னால் வந்த கணவன். "அடை உக்காந்திருக்கு. இருபத்தொரு நாளைக்கு நகராது. தீனி, தண்ணியெல்லாம் நாமதான் பக்கத்துல வைக்கணும்."

"நாமன்னா யாரு?"

"நீதான். என்னைக் கண்டா கொத்துதே."

விரலில் ரத்தம் துளிர்த்திருந்தது. அவள் கூட்டின் பக்கத்திலேயே மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, நானும் இப்படியே உக்காந்துட்டா, எனக்கு யாருங்க தண்ணி கொண்டுவந்து வைப்பாங்க?"