பிடி விட்ட வண்டி

பிரணவ் அந்த வண்டியைக் கொண்டுபோய் மரத்தில் மோத வேண்டும், அதுவும் வெளிநாட்டு கிளையண்ட் கண் முன்னால். வேளச்சேரி ஆபீசில் எல்லோரும் டீக்குப் போயிருந்த சாயங்காலம் நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது வீடியோ கேம். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சுழலும் பட்டை என்று, சமன்செய்த பனிப்பாதையில் சீறிப் பாயும் வண்டி. அதன் சஸ்பென்ஷன் முழுக்க என் உழைப்பு. எந்த ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினால் வளைவில் எப்படித் திரும்பும் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவள் நான். போன மீட்டிங்கில் பிரணவ் வாய் கூசாமல், "ஹேண்ட்லிங் நான் பண்ணது. ரஞ்சனி ஹெல்ப் பண்ணாங்க" என்றான். லீட் பதவி அவனுக்குப் போனது. எனக்கு ஆளுக்கொரு கைதட்டல்.

செட்டிங்கைத் திறந்தேன். பட்டைக்குள் முன்பக்கம் இருக்கும் ஸ்பிரிங்கை நன்றாக இறுக்கினேன். அது வண்டியின் மூக்கைத் தூக்கிவிடும், கட்டைகள் மேல் பாரம் குறையும், வளைவில் பனியைக் கவ்வாது. மழைநாளில் விஜயநகர் சிக்னலில் ஸ்கூட்டியோடு விழுந்து எழுந்தவள் நான். வழுக்கினால் கதை முடிந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பனியை நான் ஃப்ரிட்ஜில்தான் பார்த்திருக்கிறேன். அவனும் அப்படித்தான்.

மறுநாள் மீட்டிங் அறையில் எங்கள் டைரக்டர் மீனாட்சி மேடம், பக்கத்தில் பிரணவ், அவனை அடுத்து நான், பெரிய திரையின் மூலையில் வெள்ளைத் தாடியோடு கிளையண்ட். வேறு யாரையும் விடாமல் பிரணவ்தான் ஓட்டினான். முதல் வளைவிலேயே வண்டி பிடி விட்டு அகலமாக வழுக்கியது. "ஐயோ!" என்று அவன் எகிறினான். என் வயிறு குளிர்ந்தது. இதோ மரம் என்று நான் மூச்சைப் பிடித்தபோது வண்டி பக்கவாட்டில் சரிந்து, பனியை வாரி இறைத்துக்கொண்டு, அழகாக நேராகி ஓடியது. அடுத்த வளைவிலும் அப்படியே.

கிளையண்ட் கைதட்டினார். சின்ன வயதிலிருந்து பனியில் ஓட்டுகிறவராம். சமன்செய்த பாதையில் வண்டி இப்படித்தான் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டுமாம், இதுவரை நாங்கள் காட்டியதெல்லாம் தண்டவாளத்தில் போகும் ரயிலாம்.

அந்த ரயில் என்னுடையது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழி தோண்டி அவனைத் தள்ளப் போய், ஏணி வைத்து மேலே ஏற்றிவிட்டிருக்கிறேன்.

"எந்த ஸ்பிரிங்கை மாற்றினீர்கள்?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

பிரணவ் சிரித்தான். பேலன்ஸ், ஃபைன் ட்யூனிங் என்று ஏதோ இழுத்தான். அவர் விடவில்லை, எந்த ஸ்பிரிங் என்றார். மேடமும் அவன் பக்கம் திரும்பினார்.

"ரஞ்சனி..." குனிந்து என் காதோரம் வந்தான். "நீ ஏதாவது மாத்துனியா? ப்ளீஸ், சொல்லேன்."

உரக்க ஒரு வார்த்தை சொன்னால் பெயர் எனக்கு வந்துவிடும். அவனும் தப்பித்துவிடுவான்.

"நீங்கதான லீட்," என்றேன், மேடத்துக்கும் கேட்கும்படி. "நீங்களே சொல்லுங்க."

தாடிக்காரர் காத்துக்கொண்டிருந்தார். திரையில் ஓட்ட ஆளில்லாமல் வண்டி உறுமியபடி நின்றது. அதன் பின்னால் பனியில் கிடந்த கோணல் தடங்களை பிரணவ் பார்த்துக்கொண்டே இருந்தான்.