காலண்டர் அட்டைக் காற்று

1

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. தெரிந்து சொன்ன பொய் அல்ல. 2008 ஏப்ரலில் ஒரு சிற்றிதழ் ஷில்பாவிடம் கோடைக்கால நினைவு ஒன்று கேட்டது. அவள் இப்படித் தொடங்கினாள்:

‘பெங்களூர் அடுகோடி வீட்டில் ஃபேன் கிடையாது. மதியம் அம்மா சிவப்புத் தரையில் தண்ணீர் தெளித்துத் துடைப்பாள். ஈரம் காய்வதற்குள் ஓடிப்போய்ப் படுத்துக்கொள்வேன். கண் சொக்கும்போது காற்று வரும். வீச்சுக்கு ஒருமுறை அம்மாவின் வளையல் டிக்கென்று…’

வாசகரே, அந்த வாக்கியம் அப்படியே நிற்கட்டும். அதை முடிக்க வழியில்லாமல் போனது.

2

கதைக்கு அப்பா வேண்டுமா என்று ஷில்பாவுக்குச் சந்தேகம். உத்தமன் லேத் பட்டறைத் தொழிலாளி. [கோபக்காரர் என்று எழுதி அடித்திருக்கிறாள். பிடிவாதக்காரர் என்பதை அடிக்கவில்லை.] “பெங்களூருக்கு எதுக்கு ஃபேன்?” என்பார், ஏதோ ஊரே தன்னுடையது போல.*

அவள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு சந்தாபுராவுக்குப் போனதிலிருந்து இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. பேசாதவரைக் கதைக்குள் எதற்குக் கூப்பிடுவது? ஒரே வரியில் பட்டறைக்கு அனுப்பிவிட்டாள்.

* அப்போது இந்த ஊரில் பலரும் அப்படித்தான் சொன்னார்கள், முதுகெல்லாம் வேர்க்குருவோடு.

3

எழுதியதை ஒரு மதியம் அம்மா தனக்கோடிக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினாள்.

“நான் எங்கடி வீசினேன்? தரையத் துடைச்சிட்டு ரெண்டு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க ஓடிடுவேன். சாப்பாட்டுக்கு வர்ற உங்கப்பாதான் காலண்டர் அட்டையால வீசுவாரு. நீ தூங்கினப்புறம்தான் சோத்துல கை வைப்பாரு.”

“வளையல் சத்தம் கேக்குமேம்மா?”

“என்னா வளையலு! அட்டையில தாளைப் பிடிக்கிற தகரம் லூசு. அதான் ஆடும்.”

ஷில்பா இத்தனை வருடமும் அந்தக் காற்றை ஆள் மாற்றி நேசித்திருக்கிறாள்.

4

முடிவு ஒன்று: மறுநாளே ஒரு ஃபேனை வாங்கிக்கொண்டு அடுகோடிக்கு பஸ் ஏறுகிறாள். [அப்பா மாட்ட விடமாட்டார்.]

முடிவு இரண்டு: கதை அச்சாகி, அதை அவர் படித்து [படித்தது கன்னடப் பள்ளியில். தமிழ் வாசிக்க வராது.]

நடந்தது இவ்வளவுதான். அதே ஃபோனில், அம்மாவின் குரலுக்குப் பின்னால் டிக்கென்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று.

“அது என்னம்மா சத்தம்?”

“உங்கப்பாதான். சாப்பிட வந்தாரு. எனக்கு வேர்க்குதுன்னு வீசிட்டிருக்காரு. ஸ்வல்ப இரு, ஃபோனைக் குடுக்கட்டா?”

டிக் சத்தம் நின்றுவிட்டது.

ஷில்பா இதற்கு மேல் எழுதவில்லை. ‘குடு’ என்று சொல்ல வாய் வரவில்லை, ஃபோனை வைக்கவும் மனம் வரவில்லை. ஒரே ஒரு சொல்தான். அவளுக்குப் பதிலாக நீங்களாவது சொல்லிவிடுங்கள். அவர் இன்னும் சாப்பிடவில்லை.